இரண்டு மொய் நோட்டு

2006 சித்திரை. முகூர்த்தம் நெருக்கித் தள்ளும் மாதம். எங்கள் தெருமுனையில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்த தம்பி ஒருநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து வீட்டு வாசலில் வந்து நின்றான். முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு கல்யாண வீடியோவை ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறான். விடிகாலை மூன்றரைக்குக் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கால் மணி நேரம் கத்திவிட்டு அடங்கிவிட்டது. ஆறு மணி நேர வேலை, முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போது போச்சு. மறுபடியும் முதலிலிருந்து போடவேண்டும். பத்து மணிக்குப் பெண் வீட்டார் டிவிடி வாங்க வருகிறார்கள்.

"அண்ணே, டூயல் கோர் போட்டா பாதி நேரத்துல முடிஞ்சிருமாமே, மாத்திரலாமா?"

"மாத்தலாம். ஆனா பாதியில முடியுமான்னு இப்பவே சொல்ல முடியாது."

"ரெண்டு இருந்தா பாதிதானே அண்ணே?"

அந்த ஆண்டு என்னிடம் இதே கேள்வியைக் கேட்டவர்கள் பலர். வீட்டு அலமாரியில் கம்ப்யூட்டர் புத்தகம் இரண்டு இருந்தால் போதும், தெரு நம்மை வைத்தியராக்கிவிடும். கேட்ட எல்லாருக்கும் மனதில் ஒரே கணக்கு. ஒன்று இரண்டானால் நேரம் பாதி. கணக்கில் பிழையில்லை. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அதற்கு முன்னால் தம்பி கேட்காத ஒரு கேள்வி உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஒற்றைக் கோரோடு, அதாவது கணக்குப் போடும் ஒரே மூளையோடு, நிம்மதியாகக் காலம் தள்ளிய பிராசசர் கம்பெனிகள் ஏன் திடீரென்று இரண்டுக்குத் தாவின? நம் மேல் வைத்த பிரியத்தாலா? சூடு தாங்காமல்தான்.

1971-இல் இன்டெல் விற்ற 4004 என்ற சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன் கடிகாரம் நொடிக்கு ஏழு லட்சத்து நாற்பதாயிரம் முறை துடித்தது. 1978-இல் 8086 வந்தபோது நொடிக்கு 50 லட்சம். 1993-இல் முதல் பென்டியம், ஆறு கோடி. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெலும் இரண்டே நாள் இடைவெளியில் நூறு கோடியைத் தொட்டன. அதுதான் ஒரு கிகாஹெர்ட்ஸ். 2002 நவம்பரில் முந்நூறு கோடியும் தாண்டியாயிற்று.

முந்நூறு கோடி என்று எழுதிவிடலாம், மனதில் வாங்குவது கடினம். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற ஒளிக்குக்கூட, அப்படிப்பட்ட ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர்தான் போக நேரம் கிடைக்கும். உள்ளங்கையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். தம்பியின் மேஜைக்கு அடியில், வெற்றிலைப் பாக்குத் தட்டுக்கும் டேப் குவியலுக்கும் நடுவே தூசி படிந்து கிடந்த பெட்டிக்குள் இது இரவும் பகலும் நடந்துகொண்டிருந்தது.

இந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு எளிய விதி இருந்தது. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்டும் கூட்டாளிகளும் 1974-இல் எழுதி வைத்தது. டிரான்சிஸ்டரைச் சுருக்கு, அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறை. சில் வேகமாக ஓடும், அதே பரப்பில் எவ்வளவு டிரான்சிஸ்டரைத் திணித்தாலும் சூடு ஏறாது. கேட்கவே இனிக்கும் விதி. முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. 2000-இல் வந்த முதல் பென்டியம் 4 சுமார் 1.7 வோல்ட்டில் ஓடியது. அதற்குப் பிறகு வோல்ட் இறங்க முரண்டு பிடித்தது.

காரணம் குழாயில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் என்பது திறந்து மூடுகிற குழாய். வாஷர் தேய்ந்த குழாயை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? 2004-இல் வந்த 90 நானோமீட்டர் பென்டியம் 4-இல் அந்த வாஷருக்குச் சமமான காப்புப் படலத்தின் தடிமன் 1.2 நானோமீட்டர். ஏறக்குறைய ஐந்து அணுக்களை அடுக்கிய உயரம். அவ்வளவு மெல்லிய சுவரை எலக்ட்ரான்கள் மதிப்பதில்லை, ஊடுருவிப் போய்விடும். மின்னழுத்தத்தை இன்னும் குறைத்தால் குழாய் சரியாக மூடாமல் அந்த வழியிலும் ஒழுகும். ஒரு குழாய் சொட்டினால் வாளி வைத்துச் சமாளிக்கலாம். அந்தச் சில்லில் பன்னிரண்டரைக் கோடிக் குழாய்கள். மூடிக் கிடக்கும்போதே ஒழுகுகிற மின்சாரம் எல்லாம் சூடாக வெளிவந்தது.

எவ்வளவு சூடு? அதன் உச்ச மாடல்கள் 115 வாட் தின்றன. சில்லின் பரப்பு 112 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தளவு. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட்தான், ஆனால் அதன் அடித்தகடு அகலமானது. கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு வாட்டுக்கு மேல் வராது. சட்டையைத் தீய்த்துவிடுமோ என்று நாம் பயப்படுகிற பெட்டியைவிடப் பதினைந்து இருபது மடங்கு நெருப்பு அந்த நகத்தளவுத் துண்டில். அதன் தலையில் உட்கார்ந்திருந்த ஹீட்சிங்கும் விசிறியும் அலங்காரத்துக்கு வைத்தவையல்ல. தம்பியின் ஸ்டூடியோவில் ரெண்டரிங் நடக்கும்போது அந்த விசிறிச் சத்தம் வாசல் வரை கேட்கும்.

2004 அக்டோபரில் இன்டெல் கையை உயர்த்தியது. வருகிறது வருகிறது என்று சொல்லிவந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று அறிவித்தது. அதே மாதம் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த மாநாட்டு மேடையில், அப்போதைய தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டுத்தான். ஆனாலும் உலகின் மிகப் பெரிய சில் கம்பெனியின் தலைவர் முழங்காலில் நின்றது ஒரு எண்ணுக்காக. பென்டியம் 4-இன் ஓட்டம் 3.8-இல் நின்றது. அதற்குப் பிறகு மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு கோர் கணநேர உச்சமாக 6-ஐத் தொட 2023 வரை ஆயிற்று. 2004-க்கு முந்தைய பதினெட்டு வருடங்களில் வேகம் ஐம்பது மடங்குக்கு மேல் ஏறியிருந்ததை நினைத்தால், இது நடையிலும் சேர்த்தியில்லை, தவழல்.

மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும், மின்னழுத்தத்தோடு வர்க்கமாக ஏறும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இரண்டையும் இருபது சதவீதம் குறைத்துப் பாருங்கள். 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சூடு பாதியாகிவிடுகிறது! அந்த மிச்சப் பாதியில் அதே மாதிரி இன்னொரு கோரை வைக்கலாம். மொத்தச் சூடு பழைய சூடே. கையில் இருப்பதோ 0.8 வேகத்தில் இரண்டு கோர், கூட்டினால் 1.6. நடைமுறையில் மின்னழுத்தம் இவ்வளவு ஒழுங்காக இறங்காது. ஆனாலும் டூயல் கோர் பிறந்த கதை இந்தக் கணக்குதான். இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 1.6 என்பது இரண்டு கோருக்கும் வேலை இருந்தால் மட்டும். ஒன்றுக்கு மட்டும் வேலை இருந்தால் நீங்கள் வாங்கியது 0.8.

இதைச் செய்து பார்க்காதவர்கள் இல்லை. ஐபிஎம் 2001-லேயே பவர்4 என்ற சர்வர் சில்லில் இரண்டு கோர்களை ஒன்றாக வைத்துவிட்டது. மேஜைக் கம்ப்யூட்டருக்கு அது 2005 மே மாதம் வந்தது. இன்டெல்லின் பென்டியம் டி, ஏஎம்டியின் ஆத்லான் 64 எக்ஸ்2, ஒரு வாரத்துக்குள் இரண்டும்.

இனி தம்பியிடம் வருவோம். அவன் பெட்டியில் இருந்தது ஹைப்பர் திரெடிங் உள்ள 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4. நான் முதலில் செய்யச் சொன்னது, ரெண்டரிங் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார் என்பது. திறந்தான். பச்சைக் கோடு ஓடும் கட்டங்கள் இரண்டு.

"அண்ணே, ஏற்கெனவே ரெண்டு காட்டுதே! அப்ப இது டூயல் கோர்தானா? கடைக்காரர் சொல்லவே இல்ல!"

பாவம், அவனுக்கு மட்டுமல்ல, அன்றைக்குப் பல பேருக்கு இந்தக் குழப்பம். ஹைப்பர் திரெடிங் என்பது ஒரே கோர் இரண்டாக வேஷம் போடுவது. டீக்கடை மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் ஒருவர்தான். ஆனால் ஒரு ஆர்டருக்குப் பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு ஆர்டருக்கு டிகாக்ஷன் ஊற்றுகிறார். பிராசசருக்கு இப்படிக் காத்திருக்கும் நேரம் ஏராளம். ஒரு தகவலை மெமரியிலிருந்து எடுத்துவர அறுபது, எழுபது நானோ நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 3 கிகாஹெர்ட்ஸில் அது இருநூறு துடிப்பு. இருநூறு துடிப்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அந்த நேரத்தில் இரண்டாவது வேலையின் துணுக்குகளைச் செருகிக்கொண்டால் லாபம். சில்லின் பரப்பில் ஐந்து சதவீதம் கூடுதலாகச் செலவழித்தால் முப்பது சதவீதம் வரை வேலை கூடலாம் என்றது இன்டெல். டூயல் கோர் என்றால் மாஸ்டரே இரண்டு பேர்.

அப்படியானால் ஒற்றைக் கோரில் நாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே டைப் அடித்தது எப்படி? கண்கட்டு வித்தைதான். விண்டோஸ் ஒவ்வொரு வேலைக்கும் சில பத்து மில்லி நொடி கொடுத்து, உன் நேரம் முடிந்தது, அடுத்தவன் வா என்று சுழற்றிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 24 படம் ஓடினால் சினிமாவில் ஆள் நடப்பது போலத் தெரிகிறதே, அந்த மாதிரி. ஏதாவது ஒரு புரோகிராம் முரண்டு பிடித்தால் வித்தை கலைந்துவிடும். மவுஸ் திக்கித் திக்கி நகரும், பாட்டு விக்கும். டூயல் கோர் வந்ததும் முதலில் எல்லாரும் உணர்ந்த வித்தியாசம் இங்கேதான். ஒரு புரோகிராம் பைத்தியம் பிடித்துச் சுற்றினாலும் டாஸ்க் மேனேஜர் 50 சதவீதத்தைத் தாண்டாது. இன்னொரு கோர் காலியாக இருக்கும், மவுஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஸ்டாப்வாட்ச்சில் இது சரியாகத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

தம்பிக்கு மவுஸ் பிரச்சினை கிடையாது. அவனுக்கு ஒரே ஒரு பெரிய வேலையை இரண்டாகப் பிளக்கவேண்டும். அதை யார் பிளப்பது? பிராசசர் தானாகப் பிளக்காது. புரோகிராம் எழுதினவர் பிளந்து கொடுத்திருக்கவேண்டும். இதை அவனுக்கு விளக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவன் தொழிலிலேயே உவமை கிடைத்தது.

"கல்யாணத்துல மொய் எழுதுறத வீடியோ எடுக்குறியே, கூட்டம் ஜாஸ்தியானா என்ன பண்றாங்க?"

"இன்னொரு மேஜை போட்டு இன்னொரு நோட்டு வெப்பாங்க."

அதேதான். உள்ளூர் ஆட்கள் ஒரு மேஜைக்கு, வெளியூர் ஆட்கள் இன்னொரு மேஜைக்கு. இரண்டு பேர் தனித்தனி நோட்டில் எழுதி, பந்தி முடிந்த பிறகு இரண்டு கூட்டுத் தொகையையும் கூட்டிக்கொண்டால் வேலை உண்மையிலேயே பாதி நேரத்தில் முடியும். இரண்டு பேரையும் ஒரே நோட்டில் எழுதச் சொன்னால்? ஒருவர் எழுதும்போது மற்றவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். ஒரே ஆளே எழுதியிருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் அவர்கள் வீட்டுக்கு எவ்வளவு செய்தோம் என்று பார்க்கப் பழைய நோட்டு வேண்டும். அது ஒன்றுதான். இரண்டு மேஜைக்காரரும் அதையே கேட்டால் அங்கே ஒரு வரிசை நிற்கும்.

கோர்களுக்கும் இதே தலைவலி. ஒவ்வொரு கோரும் தனக்கென்று கேஷ் என்ற சின்ன நோட்டு வைத்திருக்கிறது. மெமரி என்பது பழைய பெரிய நோட்டு, இருவருக்கும் பொது. ஒரே தகவலின் நகல் இரண்டு சின்ன நோட்டிலும் இருக்கும்போது ஒருவர் தொகையைத் திருத்தினால், "உன் நோட்டில் இருப்பது செல்லாது, அடித்துவிடு" என்று மற்றவரிடம் உடனே சொல்லியாகவேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் 2005-இன் இரண்டு பிராசசர்களும் வேறுபட்டன. பென்டியம் டி-யில் இரண்டு கோர்களும் அடுத்தடுத்து ஒட்டியிருந்தும் நேராகப் பேசிக்கொள்ள வழியில்லை. சேதி சில்லை விட்டு வெளியே வந்து, மதர்போர்டில் போகும் பஸ் பாதை வழியாகச் சுற்றி மற்றதற்குப் போகவேண்டும். பக்கத்து மேஜைக்காரனிடம் சொல்ல மண்டபத்தை விட்டு இறங்கித் தெருவைச் சுற்றி வருவது மாதிரி. அவசரத்தில் செய்த வேலை என்று பார்த்தாலே தெரியும். ஆத்லான் எக்ஸ்2-இல் இரண்டு கோருக்கும் நடுவில் சில்லுக்குள்ளேயே ஒரு சந்தி இருந்தது. மெமரிக்குப் போகும் வழியும் உள்ளேயே இருந்தது. என்னைக் கேட்டால் அந்த ஒரு வருடம் ஏஎம்டியின் வருடம். விலைதான் கையைக் கடித்தது. அறிமுகத்தில் எக்ஸ்2-இன் ஆரம்ப மாடல் 537 டாலர், பென்டியம் டி-யின் ஆரம்ப மாடல் 241.

கல்யாண வீடியோ இரண்டு நோட்டுக்கு ஏற்ற வேலையா? அதைப்போல ஏற்றது குறைவு. நம் ஊர் டிவி முறையில் ஒரு படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளி. டிவிடிக்காக அதைச் சுருக்கும்போது மென்பொருள் படத்தைப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு படத்தில் 1,620 கட்டங்கள். நொடிக்கு 25 படம், ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறாயிரம் படம், கட்டங்களோ பதினான்கரைக் கோடிக்கு மேல். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இது முந்தைய படத்தில் எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தேடவேண்டும். தாலி கட்டும் நேரத்தில் தூவும் அட்சதை இருக்கிறதே, மென்பொருளுக்கு அதுதான் எமன். எந்த அரிசி எங்கே போயிற்று என்று தேடித் தேடி மாளாது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு அசையாமல் இருக்கும் அரைமணி நேரம் சுலபமாக ஓடிவிடும். இந்தத் தேடலில் படத்தின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. மேல்பாதி உனக்கு, கீழ்ப்பாதி எனக்கு என்று இரண்டு கோர்களும் பிரித்துக்கொள்ளலாம்.

ஆக ரெண்டரிங் பாதியாகும். அப்போது தம்பியின் வேலை பாதியாகுமா?

"ஒரு கல்யாணத்துக்கு மொத்தம் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் ஓடுது?"

விரல் விட்டு எண்ணினான். மூன்று மினி டிவி (MiniDV) கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற மூன்று மணி நேரம். டேப் ஓடுகிற வேகத்தில்தான் ஏறும். ரெண்டரிங் ஆறு மணி. டிவிடியில் எழுதுவது, சரிபார்ப்பது, பிரதி எடுப்பது ஒரு மணி. ஆகப் பத்து. எடிட்டிங்கில் உட்காரும் நேரம் கணக்கில் இல்லை, அது அவன் கையின் வேகம்.

ரெண்டரிங் சரிபாதியானால் மூன்றும் மூன்றும் ஒன்றும், ஏழு மணி. பத்து ஏழாகிறது, ஐந்தாகவில்லை. நாலு கோர் வைத்தால் ஐந்தரை. ஆயிரம் கோர் வைத்தாலும் நான்கு மணிக்குக் கீழே ஒரு நிமிடம்கூட இறங்காது. டேப் ஏற்றும் மூன்றும் கடைசி ஒன்றும் அப்படியே நிற்கும். வீட்டில் இட்லிக்கு அரைப்பவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு கிரைண்டர் போட்டால் அரைக்கும் நேரம் பாதியாகும். மாவு பொங்க ஒரு ராத்திரி ஆவது ஆகத்தான் செய்யும்.

இந்தக் கணக்கை முதலில் அழுத்திச் சொன்னவர் ஜீன் அம்டால். ஐபிஎம்மின் புகழ்பெற்ற சிஸ்டம்/360 கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். 1967-இல் ஒரு மாநாட்டுக்கு எழுதிய சில பக்கக் கட்டுரையில், பல பிராசசர்களைக் கோத்துவிட்டால் வானத்தைத் தொடலாம் என்று கிளம்பியவர்களின் வாயை அடைத்தார். பிரிக்கவே முடியாத பகுதி கொஞ்சம் இருந்தாலும் அதுதான் கடைசியில் உங்களை நிறுத்தும் என்றார். ஒற்றைப் பிராசசர் போதும் என்று வாதாட வந்த கட்டுரை. அதே வாதம் இன்று அம்டால் விதி என்ற பெயரில் பல கோர் வடிவமைப்பவர்களின் பாலபாடமாகிவிட்டது.

ரெண்டரிங்குக்குச் சொன்னது விளையாட்டுகளுக்கு அப்போது பொருந்தவில்லை. பெரும்பாலான விளையாட்டுகள் ஒரே இழையில், அதாவது பிளக்காத ஒரே வேலையாக, எழுதப்பட்டவை. இரண்டாவது கோர் வேடிக்கை பார்த்தது. போதாக்குறைக்கு ஒரு விசித்திரமும் நடந்தது, எனக்கு மிகப் பிடித்த பிழை அது. பல விளையாட்டுகள் நேரத்தைக் கணிக்கப் பிராசசரின் துடிப்பு எண்ணிக்கையைக் கேட்கும். ஆத்லான் எக்ஸ்2-இல் ஒவ்வொரு கோரும் தன் துடிப்பைத் தானே எண்ணியது. மின்சாரம் மிச்சப்படுத்த ஒன்று கொஞ்சம் அசந்தால் அதன் எண்ணிக்கை பின்தங்கிவிடும். விண்டோஸோ ஒரே புரோகிராமை ஒரு கணம் இந்தக் கோரில் ஓட்டும், மறு கணம் அந்தக் கோரில் ஓட்டும். இங்கே மணி கேட்டுவிட்டு அங்கே போய் மணி கேட்ட விளையாட்டுக்கு, நேரம் பின்னோக்கிப் போயிருந்தது. விளைவு, வீரர்கள் திடீரென்று பாய்ந்தார்கள், திடீரென்று திக்கினார்கள். ஏஎம்டி இதைச் சரிக்கட்டவே ஒரு தனி மென்பொருளை வெளியிட்டது. ஒரே சில்லுக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இருவருக்கு இப்போது மணி என்ன என்பதில் ஒத்துப்போக முடியவில்லை.

எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரும் தம்பியைப் பார்த்து டூயல் கோர் ஆசையில் வந்தார். அவர் பெட்டியிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பச்சைக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. ஆனால் பெட்டியின் முகப்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. 256 எம்பி மெமரியில் எக்ஸ்பியையும் நாலு புரோகிராமையும் அடைத்து வைத்திருந்தார். இடம் போதாமல் விண்டோஸ் எல்லாவற்றையும் டிஸ்கில் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு 256 வாங்கிப் போட்டதோடு அவர் வியாதி தீர்ந்தது. பக்கத்துத் தெருவில் இன்னும் விண்டோஸ் 98-ஐக் கட்டிக்கொண்டு அழுதவரிடம் யோசிக்காமல் வேண்டாம் என்றேன். இரண்டாவது கோர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

தம்பியின் கோடோ உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. மாற்றவேண்டியவன் அவன்தான். ஆனால் அவன் நினைத்தது போலப் பழைய பிராசசரைக் கழற்றிவிட்டுப் பென்டியம் டி-யைச் செருகினால் முடிந்தது என்று இல்லை. அவன் மதர்போர்டில் இருந்தது 915 சிப்செட். சாக்கெட் அதே 775. கால்கள் அச்சாகப் பொருந்தும், ஆனால் பென்டியம் டி அதில் ஓடாது, 945-ஆவது வேண்டும். ஏஎம்டி பக்கம் சாக்கெட் 939 வைத்திருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பலருக்குப் பயாஸைப் புதுப்பித்தாலே எக்ஸ்2 ஓடியது. தம்பிக்கு எப்படியும் புது போர்டு வாங்கியாகவேண்டும் என்றானபின், பென்டியம் டி-யை வாங்கி 130 வாட் அடுப்பு ஒன்றை மேஜைக்கு அடியில் வைப்பானேன் என்று தோன்றியது.

"ஆடி வரைக்கும் பொறு" என்றேன்.

"ஆடியிலதான் அண்ணே கையில வேலையே இருக்காது!"

"அதனாலதான்."

2006 ஜூலை 27, ஆடி பதினொன்றோ பன்னிரண்டோ, இன்டெல் கோர் 2 டுவோவை வெளியிட்டது. பென்டியம் 4-இன் பாதையை மொத்தமாகக் கைவிட்டு, இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த குழு லேப்டாப்புக்காக வளர்த்த சிக்கன வழியிலிருந்து வந்தது. 65 வாட்தான். 29 கோடி டிரான்சிஸ்டர். இரண்டு கோருக்கும் நடுவில் பொதுவாக ஒரே பெரிய கேஷ். தெருவைச் சுற்றவேண்டியதில்லை, ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆவணி பிறக்குமுன் தம்பியும் நானும் வாங்கப் போனோம். கடையில் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் முகம் சுண்டிவிட்டது. இ6300, 1.86 கிகாஹெர்ட்ஸ்.

"அண்ணே, மூணுல இருந்து ஒண்ணே முக்காலுக்கு எறங்குறதுக்கா காசு குடுக்கணும்?"

கடைக்காரர் சிரித்தார். அன்றைக்கு அவரிடம் வந்த பத்தில் எட்டுப் பேர் இதையே கேட்டிருப்பார்கள். வருடக்கணக்காகக் கம்பெனிகளே கிகாஹெர்ட்ஸ், கிகாஹெர்ட்ஸ் என்று கூவி விற்றுவிட்டு, இப்போது எண்ணைப் பார்க்காதே என்றால் ஜனம் எப்படி நம்பும்? கடையிலேயே உட்கார்ந்து விளக்கினேன். தம்பியின் பழைய பென்டியம் 4 வேகமாக அடி வைக்கும், ஆனால் குட்டி அடி. ஒரு கட்டளை உள்ளே போய் முடிந்து வெளியே வர 31 படிகள். நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று ஊகித்தது தப்பினால் பாதிப் படிகளில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். இந்தப் புதியதில் படிகள் 14. ஒரு துடிப்புக்கு நான்கு கட்டளை வரை எடுத்துக்கொள்ளும். அடி மெதுவாக விழும், ஆனால் அகலமாக விழும். அப்படி நடப்பவர்கள் இரண்டு பேர். தம்பி தலையாட்டினான். நம்பினானா என்றால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னதற்காக வாங்கினான்.

விண்டோஸ் புதிதாகப் போட்டு, எடிட்டிங் மென்பொருள் ஏற்றி, பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தோம். ஆறு மணி நேர ரெண்டரிங் மூன்று மணிக்குள் முடிந்தது. விசிறிச் சத்தம் வாசலுக்கு வரவில்லை. தம்பி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகப்பட்டு இரண்டு முறை குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான்.

ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டான். கேமராவிலிருந்து முதல் டேப் ஏறிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் காட்சி திரையில் நிஜ வேகத்தில் நகர்ந்தது. பக்கத்தில் டாஸ்க் மேனேஜரை அவனே திறந்து வைத்திருந்தான், இப்போது அது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டு பச்சைக் கோடும் அடித்தரையில் கிடந்தன. இரண்டு மாஸ்டரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா அண்ணே?"

"டேப்பு ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்தான்."

இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம் காட்டியது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனோம்.